டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் சக்கரத்துக்கு வழியில்லை

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மலைவிளிம்பில் நின்றால் குரங்கணிப் பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் போடிநாயக்கனூர்ச் சமவெளி வரை கண்ணுக்குத் தெரியும். வரைபடத்தில் குரங்கணி ஒரு விரல் அகலத்தில் இருக்கும். ஆனால் சக்கரம் வைத்த எதுவும் அந்தப் பக்கம் இறங்க முடியாது. வந்த வழியே மூணாற்றுக்கு 32 கிலோமீட்டர், அங்கிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்குச் சுமார் 68 கிலோமீட்டர் என்று நூறு கிலோமீட்டர் சுற்றித்தான் அந்த ஊரை அடையலாம். புறப்படுவதற்கு முன் நான் விசாரித்தவர்களில் இருவர், டாப் ஸ்டேஷனிலிருந்து நடைபாதை இருக்கிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மூன்று மணி நேரத்தில் குரங்கணிக்கு இறங்கிவிடலாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் அங்கே நடந்தது 2018க்கு முன்பு. அந்த ஆண்டு என்ன மாறியது என்பதை அவர்களும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருச்சி பொன்மலையில், ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கைவிடப்பட்ட ரயில் தடங்கள் என்றால் எனக்குத் தனிப் பித்து. மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று ஆசை. 1902ல் அங்கே முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின் மீது ஓட, சாயாமல் தாங்குவதற்கு ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலப் பாதை போட்டு, நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள். எஸ்டேட்டுகளின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளக் கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிப் பக்கம் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். பிறகு போடிக்கு வண்டிப் பயணம். 1924 ஜூலையில் பெய்த பேய்மழையில் தண்டவாளம், பாலம் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதையை யாரும் திரும்பக் கட்டவில்லை. மூணாற்று ரயில் நிலையக் கட்டிடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது.

இந்த வரலாற்றிலேயே எச்சரிக்கை இருக்கிறது. டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் ரயிலே இறங்க முடியவில்லை என்பதால்தான் பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினார்கள். மலையில் ஒரு பழைய பாதையைத் தேடிப் போகும்போது அது எங்கே முடிந்தது, ஏன் அங்கே முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதை போட்டவர்களைத் தடுத்த சரிவு இன்றும் அங்கேயே இருக்கும்.

ஐப்பசி மாதம். முந்தைய நாள் மூணாற்றில் தங்கிவிட்டுக் காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். மாலைக்குள் போடி, இரவு தேனியிலிருந்து திருச்சிக்கு முன்பதிவு செய்த பேருந்து என்று திட்டம். அதனால் அறையைக் காலி செய்து, எல்லாச் சாமான்களையும் கேரியர் பைகளில் ஏற்றியிருந்தேன். காலை முழுக்க நான் அனுபவித்த மகிழ்ச்சியையும் சொல்லத்தான் வேண்டும். மாட்டுப்பட்டி அணை வரை 13 கிலோமீட்டர், தேயிலைச் சரிவுகளை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. பனி விலகாத நேரம், வண்டிகள் இல்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கூடையும் பிளாஸ்டிக் படுதாவுமாகச் சாலையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள், நான்கைந்து தலைமுறைக்கு முன் சமவெளியிலிருந்து இந்த எஸ்டேட்டுகளுக்கு வந்தவர்களின் வாரிசுகள். ஒருவர் என் சைக்கிளின் விலையைக் கேட்டுவிட்டு, அந்தக் காசுக்கு மாடு வாங்கியிருக்கலாமே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ரயில் பாதை என்றால் ஏற்றம் மெதுவாக இருக்கும் என்று சைக்கிள்காரர்கள் நம்புவோம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, ஆகவே தடத்தை மலையைச் சுற்றிச் சுற்றியே போடுவார்கள் என்பது பொதுவாக உண்மை. இங்கே அந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். தடம் வெள்ளத்தில் போனது. இன்றைய தார்ச்சாலை அதே பள்ளத்தாக்கில் போனாலும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கு மேல். வித்தியாசம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஏறியதை இறங்கி, இறங்கியதை மறுபடி ஏறிப் போகும் சாலை அது. திரும்பும்போதும் சும்மா உருண்டு வந்துவிட முடியாது. பளு ஏற்றிய சைக்கிளில் கடைசி ஏற்றங்களுக்கு என் மிகச் சிறிய கியரும் போதவில்லை, சில இடங்களில் இறங்கித் தள்ளினேன். தேயிலைக்குள் பிரியும் மண்பாதைகள் பழைய தடம் போலவே சமமாகத் தெரியும், கால் அரிக்கும். அவை எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை, காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். என்னையும் அனுப்பினார், மரியாதையாகவே.

குண்டளை அணைக்கரைக் கடையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன். இந்த இடத்தில் ஒரு குறிப்பு: மாட்டுப்பட்டியைத் தாண்டினால் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். கைபேசியில் பணம் செலுத்த அலைவரிசை வேண்டும், அது பல இடங்களில் இல்லை. என் கைபேசி குண்டளைக்கு முன்பே ஊமையாகிவிட்டது. எஸ்டேட்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். அந்த நாளில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு பழைய கைபேசியில் அந்த இணைப்பைப் போட்டு எடுத்துப் போவது ஸ்பேனர் எடுத்துப் போவதைவிட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லப்பட்டி தாண்டி டாப் ஸ்டேஷனை அடைந்தபோது பதினொன்றரை. விளிம்பில் போய் நின்றேன். கீழே மேகம் கொட்டிக் கிடந்தது, இடையிடையே திறந்து மூடியது. அந்தப் பக்கம் தமிழ்நாடு, தேனி மாவட்டம். ஒரு கடைக்காரரிடம் குரங்கணிப் பாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். அவர் என்னையும் சைக்கிளையும் பார்த்துவிட்டு, யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றம் வந்த இளைஞர்கள், பெண்கள் என இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தக் காட்டில் யாரையும் விடுவதில்லை. அப்படியே விட்டாலும், நடுவில் இருக்கும் சென்ட்ரல் குடியிருப்பு வரைக்கும் பாறையும் ஓடையுமாக இறங்கும் தடம். ஆளே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும், இருபது கிலோ வண்டியை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டார். மறுபக்கம் வட்டவடைக்குப் போகும் சாலை பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் போகிறது, அங்கேயும் வெளியேற வழி கிடையாது என்றார். கொடைக்கானலுக்குப் போன பழைய சாலையை எப்போதோ மூடிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம். தவறாக வழி சொன்னவர்கள் மீது, அங்கே ஒரு பலகைகூட இல்லையே என்று, மேகத்துக்குக் கீழே இருந்துகொண்டே எட்டாமல் போன போடி மீது. கோபம் அடங்கியதும் பயம் வந்தது. நூறு கிலோமீட்டர் அன்றைக்கு முடியாது. பேருந்துச் சீட்டு போனது. அறை இல்லை. மறுநாள் வேலைக்குப் போக முடியாது. கடைசிச் சொட்டு வரை தெம்பை ஏற்றத்திலேயே செலவழித்துவிட்டேன், ஏனென்றால் அதற்குப் பிறகு இறக்கம்தான் என்று நம்பியிருந்தேன். பன்னிரண்டரைக்கு மழை பிடித்தது. மலையில் ஐப்பசி மழை பிற்பகலில் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலையில் வெயில் அடிப்பதை நம்பி மத்தியானத்துக்கு மேல் எந்த மலைவிளிம்பிலும் இருக்காதீர்கள். இந்தப் பாதையில் நான் வைக்கும் எல்லை பதினொரு மணி. எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

மழை கொஞ்சம் விட்டபோது இரண்டே முக்கால். இறங்க ஆரம்பித்தேன். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் வைத்த சைக்கிள் என்னுடையது. நனைந்த ரிம்மில் முதல் சில சுற்றுகளுக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மாற்றி மாற்றி விட்டுவிட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்பினேன். சேறு கலந்த தண்ணீர் பிரேக் கட்டையை அரம் போல் ராவிவிடும், மறுநாள் பார்த்தபோது பின்கட்டை பாதி தேய்ந்திருந்தது. ஈரக் காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் ஒரு ஜோடி பிரேக் கட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு, நூற்றைம்பது ரூபாய்தான்.

குண்டளைக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும்போது எதிரே சுற்றுலா ஜீப் ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. ஒதுங்கியதில் தார் உடைந்த விளிம்பு பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பஞ்சர் வேறு, கிழிசல் வேறு. இதைச் சமவெளியில் ஓட்டுகிறவர்கள் உணர்வதில்லை. டியூபில் ஓட்டை என்றால் ஒட்டலாம், மாற்றலாம். டயரின் பக்கவாட்டில் பிளவு என்றால் எத்தனை புது டியூப் போட்டாலும் அந்தப் பிளவு வழியாகப் பிதுங்கி வெடிக்கும். உள்ளே வைத்து மறைக்கக் கெட்டியான துண்டு ஒன்று வேண்டும். பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு சாண் துண்டு போதும், எடையே இல்லை. என்னிடம் அது இல்லாததால் ஒரு பத்து ரூபாய்த் தாளை மடித்து, பிஸ்கட் உறையோடு சேர்த்து உள்ளே வைத்தேன். காற்றைக் குறைவாக அடித்தேன். கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். ஒட்டுப் போட முயன்றால் ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. துடைக்கக் காய்ந்த துணி ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு தள்ளினேன். பளுவோடு, வெறும் ரிம் தரையில் படாமல் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி. மழை மறுபடி வந்தது. வண்டிகள் போயின, சில நிதானித்துப் பார்த்துவிட்டுப் போயின. எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் சத்தமாகவே அழுதேன். தனியாகப் போகும் பெண் என்று எத்தனையோ பேர் பயமுறுத்துவார்கள், அதையெல்லாம் நான் மதித்ததில்லை. அன்று என்னை வருத்தியது மனிதர்கள் இல்லாததுதான்.

குண்டளையில் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். காலையில் ரொட்டி போட்டுக் கொடுத்த அக்கா என்னைப் பார்த்ததும் கதவை மறுபடி திறந்தார். மூணாறு வரை தள்ளிக்கொண்டே போய்விடுகிறேன் என்றேன். உடனே மறுத்தார். மாட்டுப்பட்டிப் புல்வெளிக்கு இருட்டும் நேரத்தில் யானைகள் இறங்கும். காலையில் நானே சாலையில் லத்தியைப் பார்த்திருந்தேன். அந்தப் பகுதியில் சுற்றும் படையப்பா என்ற கொம்பன் கடைகளுக்குள் தலையை விட்டுத் தின்னும், வாகனங்களை மறிக்கும். மூடுபனியில் பத்தடி முன்னால் நின்றாலும் தெரியாது என்றார். மூணாறு வட்டாரத்தில் மாலை ஐந்துக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போகக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கத்துக்கும் அது பொருந்தும். அரிக்கொம்பன் என்ற காட்டுயானையை 2023ல் பிடித்தது அங்கேதான்.

உட்கார்ந்த பிறகுதான் குளிர் ஏறியது. தள்ளும்வரை உடம்பு சூடாக இருந்தது. நின்றதும் பற்கள் கிட்டிக்கொண்டன, தலைக்கவச வாரைக் கழற்ற விரல்கள் மடங்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஈரத் துணியில் காற்றும் பட்டால் பதினைந்து டிகிரியிலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அக்கா என்னை உள்ளே அனுப்பி எல்லா ஈரத்தையும் அவிழ்க்கச் சொல்லி, தன் ஸ்வெட்டரையும் ஒரு கைலியையும் கொடுத்தார். சர்க்கரை தூக்கலாகக் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் தேறினேன். மாற்றுத் துணிகள் என் பையில் இருந்தன, ஆனால் எல்லாம் நனைந்திருந்தன. மழைக்கு மேலுறை போட்ட பை என்று நம்பாதீர்கள். ஒரு பனியன், ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ், தீப்பெட்டி, கைபேசி ஆகியவற்றைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் முடிந்து பைக்குள் போடுங்கள்.

அவருடைய கைபேசியில் ஜீப்புக்குச் சொன்னோம். ஓட்டுநர் 3,000 கேட்டார், அக்கா பேசி 2,500க்கு இறக்கினார். இருட்டில், தெரியாத ஆளோடு, மலைச்சாலையில் தனியாகப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. அதை நான் சொல்லாமலே அவர் புரிந்துகொண்டார். வண்டி எண்ணை என் முன்னாலேயே எழுதிக்கொண்டு, மூணாறு போய்ச் சேர்ந்ததும் பேச வை என்று ஓட்டுநரிடம் கறாராகச் சொன்னார். இந்த மாதிரி நேரத்தில் வண்டியை நீங்களே கைகாட்டி நிறுத்தாமல், ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவர் மூலமாகக் கூப்பிடுங்கள். ஓட்டுநர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். ஸ்வெட்டருக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பின்னர் துவைத்து, கூடவே இரண்டு கிலோ மணப்பாறை முறுக்கும் வைத்துப் பார்சல் அனுப்பினேன்.

மூணாற்றில் அன்று விடுமுறைக் கூட்டம். கிடைத்த அறைக்கு 1,800. மறுநாள் டயர் தேடினேன். அங்கே சைக்கிள் கடையில் இருப்பவை 26 அங்குலச் சக்கரத்துக்கான டயர்கள். என் சைக்கிளின் 700 அளவு கிடைக்கவில்லை, மெல்லிய மூக்கு வைத்த வால்வுள்ள டியூபும் இல்லை. மலைப்பயணத்துக்கு மடக்கக்கூடிய டயர் ஒன்றைக் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஊர்க்கடையில் கிடைக்கும் அளவுச் சக்கரம் உள்ள சைக்கிளில் போங்கள். பேருந்துகளில் மேலே ஏற்ற இப்போது கேரியர் இல்லை, நடத்துநர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் வழி கிடைத்தது மார்க்கெட் பக்கம். தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் காய்கறி ஏற்றி வரும் சிறிய லாரிகள் இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகின்றன. 800 ரூபாய்க்கு என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்கள். ஜீப் 2,500, அறை 1,800, லாரி 800, வீணான பேருந்துச் சீட்டு 520, திருச்சிக்கு வந்து வாங்கிய டயரும் இரண்டு டியூபும் 2,350 என்று மொத்தம் 7,970 ரூபாய். சம்பளம் இல்லாத ஒரு நாள் விடுப்பு தனி.

நீங்கள் போவதாக இருந்தால் மூணாற்றிலேயே அறையை வைத்துக்கொண்டு, பளு இல்லாமல் டாப் ஸ்டேஷன் போய்த் திரும்புங்கள். தை மாதம் நல்லது, மழை ஓய்ந்திருக்கும். குரங்கணிப் பக்கம் நடக்க ஆசையிருந்தால் சைக்கிளை விட்டுவிட்டுத் தனியாக ஒரு நாள் வைத்து, வனத்துறை அனுமதியோடு கீழேயிருந்து போங்கள். தீப்பிடிக்கும் கோடை மாதங்களில் அனுமதி கிடைக்காது. காய்கறி லாரியில் இறங்க நேர்ந்தால் காலையிலேயே மார்க்கெட்டில் கேட்டு வையுங்கள், முற்பகலுக்கு மேல் வண்டி இருக்காது. போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடும், அதனால் கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்து, அடியில் சாக்கு விரித்து, சக்கரம் இரண்டையும் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள்.